கடந்த நோயும் நடப்பு நோயும்: எதிர்ப்பொருள் சோதனையின் வரலாறு

கொசுவால் பரவும் வைரஸ் காய்ச்சல்களை இரத்தத்தைக் கொண்டு அறியும் முறை, நோயாளிக்கு உடனடி விடை தருவதற்காக அல்லாமல், ஒரு நிலப்பகுதியில் முன்பு எந்நோய் பரவியிருந்தது என்று அறிவதற்கே முதலில் பெரிதும் பயன்பட்டது. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் வெள்ளெலிகளின் மூளையைத் தாக்கும் என்று மாக்ஸ் தைலர் 1930இல் காட்டியதை அடுத்து உருவான சோதனையில், ஒருவரது சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர், வைரஸுடன் சேர்த்து எலிக்குச் செலுத்தப்பட்டது. எலி பிழைத்தால், வைரஸை முறியடிக்கும் எதிர்ப்பொருள் அச்சீரத்தில் இருப்பதாகவும், அவர் முன்பே அந்நோய்க்கு ஆளானவர் என்றும் கொள்ளப்பட்டது.

ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் 1952இல் புணேயில் வைரஸ் ஆய்வு மையம் தொடங்கப்பட்ட காலத்திலேயே, இந்தியர் சிலரின் சீரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. அந்நோய்க்கு ஆளானவர்கள் 1955இல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டனர்.

எதிர்ப்பொருளை அறிய, ஆய்வாளர்கள் கிளார்க்கும் கசல்ஸும் 1958இல் செம்மைப்படுத்திய மற்றொரு முறையில் பெருவாத்தின் (கூஸ்) சிவப்பணுக்கள் பயன்பட்டன. வைரஸ் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து சோதனைத் தட்டின் குழியடியில் படலமாகப் பரப்பும். எதிர்ப்பொருள் குறுக்கிட்டால் அவை சிறு பொத்தானைப் போல் நடுவில் படியும். ஆயினும் காய்ச்சலின் தொடக்கத்தில் ஒன்றும் தேறும் நிலையில் ஒன்றுமாக இரு மாதிரிகள் எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்ததா என்று ஒப்பிட வேண்டியிருந்ததால், முடிவு கிடைப்பதற்குள் நோயின் போக்கு பெரும்பாலும் தீர்மானமாகிவிடும்.

1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட எலிசா முறை, நொதியின் வினையால் எழும் நிறத்தைக் கொண்டு எதிர்ப்பொருளை அளக்க வழிவகுத்தது. நோய் தொற்றியதும் முதலில் தோன்றி, சில மாதங்களில் பெரும்பாலும் மறையும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளை மட்டும் பிடித்து அளக்கும் எலிசா வகை 1980களில் பரவியபோது, பழைய தொற்றையும் அண்மைத் தொற்றையும் ஒரே மாதிரியைக் கொண்டு பெருமளவு பிரித்தறிய முடிந்தது. புணே மையத்தின் வழிவந்த தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் தயாரிக்கும் இத்தகைய சோதனைப் பெட்டகங்கள் இன்று அரசு ஆய்வகங்களில் டெங்கு, சிக்குன்குனியா சோதனைகளுக்குப் பயன்படுகின்றன.

எனினும் டெங்கு, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலால், ஒன்றுக்கெதிராக எழுந்த எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையிலும் வினைபுரியக்கூடும். ஐஜிஎம் பொதுவாக ஐந்தாம் நாளையொட்டியே தென்படுவதால், அதற்கு முன் எடுத்த மாதிரியில் அது இல்லையென்ற முடிவு நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆகவே, காய்ச்சல் தொடங்கிய நாள் குறிக்கப்படாத மாதிரியின் முடிவை மருத்துவர் முழுமையாக நம்ப இயலாது.