தன் மீதான வழக்கைத் தானே எழுதிய கம்பெனி

அபராதம் என்றால் நமக்கெல்லாம் டிராஃபிக் போலீஸ் ரசீதுதான் ஞாபகம் வரும். ஆற்றைக் கெடுத்த கம்பெனிக்கு அபராதத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் லெய்ட்லா வழக்கு கண்ணில் பட்டது.

இடம், அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் ரோபக் என்ற ஊர். அபாயகரமான கழிவுகளை எரிக்கும் ஆலை ஒன்று, சுத்திகரித்த நீரை வடக்கு டைகர் ஆற்றில் விட 1987-இல் அனுமதி வாங்கியது. பாதரசத்துக்கு உச்சவரம்பு, நூறு கோடியில் 1.3 பங்கு. 1995 வரை அந்த வரம்பை மீறியது 489 தடவை!

1972-இன் தூய நீர்ச் சட்டப்படி அங்கே பொதுமக்களும் வழக்குப் போடலாம். ஆனால் 60 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். அதற்குள் அரசே வழக்குப் போட்டு உருப்படியாக நடத்தினால் மக்களுக்குக் கதவு மூடிவிடும். 1992 ஏப்ரலில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' அமைப்பு நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தன்மேல் வழக்குப் போடும்படி மாநில அரசைக் கேட்டுக்கொண்டது. மனுவை எழுதியது கம்பெனி வக்கீல். கோர்ட் கட்டணமும் கம்பெனி பணம். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒரு லட்சம் டாலருக்கு சமரசம். காரியம் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

கோர்ட் ஏமாறவில்லை. அது உருப்படியான வழக்கே இல்லை என்று சொல்லி, மக்கள் வழக்கை ஏற்றது. 1997-இல் விதித்த அபராதம் 4,05,800 டாலர். அதே நீதிபதி கணக்குப்படி, மீறியதால் கம்பெனிக்குக் கிடைத்த லாபம் 10,92,581 டாலர். வக்கீல் செலவையும் சேர்த்தால் இந்த அபராதமே பயம் காட்டப் போதும் என்றார் அவர்.

அபராதம் அரசு கஜானாவுக்குத்தானே போகிறது, ஆற்றங்கரைக்காரருக்கு அதில் என்ன லாபம்? இந்தக் கேள்வியை வைத்தே மேல்கோர்ட் வழக்கைத் தள்ளியது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கின்ஸ்பர்க். மாசுக்குப் பயந்து ஆற்றில் குளிக்காமல், மீன் பிடிக்காமல் மக்கள் ஒதுங்கியதே பாதிப்புதான். மீறலை நிறுத்தி, மறுபடி வராமல் தடுக்கும் அபராதம், யார் கைக்குப் போனாலும் அவர்களுக்கு நிவாரணம்தான்.

இந்தத் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே தர்க்கத்தை அந்த இரண்டு எண்களின் மேல் வைத்துப் பாருங்கள். லாபத்தில் பாதிகூட இல்லாத அபராதத்தை, கம்பெனிக் கணக்குப்பிள்ளை எந்தத் தலைப்பில் எழுதுவார்? தண்டனை என்றா, செலவு என்றா?