தமக்காக நடக்காத பெண்களும் ஏழுசுற்றுக் கோட்டையும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து எமது பாடசாலைக்கு வந்த நாம், நடந்துகொண்டேயிருந்த தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்கள். விடியுமுன் இறப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவார்கள். கூடையுடன் தேயிலை மலை ஏறி, கொழுந்து நிறுக்க இறங்குவார்கள். மாலையில் தண்ணீருக்கும் விறகுக்கும் மறுபடி நடப்பார்கள். அத்தனை நடையிலும் தமக்கென்று நடந்தது ஓரடியும் இல்லை.

படித்து உத்தியோகம் பெற்ற நாம் நாற்காலியில் அமர்ந்துவிட்டோம். இன்று நாற்பதைத் தாண்டிய தோழியர் சந்தித்தால், பேச்சு நீரிழிவிலும் இரத்த அழுத்தத்திலும்தான் முடிகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளருக்கு இதைச் சொல்லும் வைத்தியர்களான நாமும் அதைச் செய்வதில்லை. உடல் நடந்தாலும் மனம் ஓய்வதில்லை.

இரண்டுக்கும் உதவும் பழைய நடை ஒன்று உண்டு. வளைந்து வளைந்து நடுவுக்குச் செல்லும் ஒற்றைப் பாதை அது. கிளைவழி இல்லை, ஆகவே வழி தவறாது. கிரீட் தீவின் நொசொஸ் நகர நாணயங்களில் இவ்வடிவம் உள்ளது. பிரான்ஸின் சார்த்ர் பேராலயத் தரையில் 13ஆம் நூற்றாண்டில் பதித்தது ஏறத்தாழ 13 மீற்றர் அகலம். அதற்குள் சுமார் 260 மீற்றர் பாதை. இன்று அமெரிக்க வைத்தியசாலைகள் சிலவற்றின் முற்றங்களிலும் இது உண்டு.

எம் மூதாதையர் புறப்பட்ட தமிழ்நாட்டிலும் இது இருந்தது. பொள்ளாச்சியை அடுத்த கெடிமேட்டில் 56 அடிச் சதுரமான கல் வரிசை ஒன்று 2015இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. இத்தகையவற்றை ஊரார் ஏழுசுற்றுக் கோட்டை என்பர். தென்னிந்தியப் பெண்களின் வாசற் கோலத்திலும் பச்சை குத்தலிலும் இவ்வடிவம் பற்றி ஜோன் லேயார்ட் என்ற மானிடவியலாளர் 1937இல் எழுதினார். லயத்து வாசலில் அமர்ந்திருந்த எம் பாட்டிமாரின் கைகளிலும் பச்சை இருந்தது. அதில் இந்தக் கோட்டையும் இருந்ததா? அன்று நாம் கேட்கவில்லை. இன்று கேட்க அவர்கள் இல்லை.

கோலம் போடத் தெரிந்தவருக்கு இதை வரைவது எளிது. நடுவில் ஒரு சிலுவைக் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மடக்குக் கோடு, வெளியே நான்கு புள்ளிகள். முனைகளை வரிசையாக வளைத்து இணைத்தால் ஏழு சுற்றும் வந்துவிடும். பாதை இரண்டடி அகலமானால் 35 அடித் தரை போதும். அவசரமின்றி, மூச்சைக் கவனித்து, உள்ளே சென்று அதே வழியில் திரும்ப வேண்டும். இது மருந்துக்கு மாற்று அல்ல. ஆனால் அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் கவனம் காலடியிலேயே நிற்கிறது. வீட்டுக் கவலை சற்று விலகுகிறது.

இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அதே மைதானத்தில், நூற்றாண்டு ஒன்றுகூடலுக்கு முதல்நாள் இதை வரைவோம். எங்கிருந்து வந்தாலும் அன்னையரையும் அழைத்து வாருங்கள். கூடையும் வாளியும் இல்லாமல் அவர்கள் முதலில் நடக்கட்டும். நாம் பின்னால் நடப்போம்.