கமலி மூர்த்தி

கமலி மூர்த்தி, செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தைச் சேர்ந்த சறுக்குப்பலகை வீராங்கனை, அலைச்சறுக்கு வீராங்கனை. ‘ஸ்கேட்போர்டு’ எனப்படும் சறுக்குப்பலகை விளையாட்டைத் தமிழ்நாட்டில் சிறு வயதிலேயே பழகி, உலகக் கவனத்தைப் பெற்ற சிறுமி இவர். இவருடைய வாழ்வைக் கூறும் ‘கமலி’ என்ற ஆவணக் குறும்படம் 2020ஆம் ஆண்டு பிரித்தானியத் திரைப்பட விருதான பாஃப்டாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

விளையாட்டின் பின்னணி

சறுக்குப்பலகை கடலோரத்தில் பிறந்த விளையாட்டு. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடியவர்கள், அலை இல்லாத நாள்களில் பலகையில் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டினர். பெண்கள் தொடக்கத்திலேயே இதில் இறங்கினர். பேட்டி மெக்கீ 1964இல் அந்நாட்டின் முதல் பெண்கள் சாம்பியன் ஆனார். மறு ஆண்டு ‘லைஃப்’ இதழின் அட்டையில், ஓடும் பலகையின்மேல் தலைகீழாகக் கையூன்றி நிற்கும் அவருடைய படம் வெளிவந்தது. 1970களில் பாலியூரித்தேன் சக்கரங்கள் வந்த பிறகு பலகை தரையைப் பற்றி ஓடியது. விளையாட்டும் வேகமாகப் பரவியது.

மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த பலகை, அதன் அடியில் இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள் ஆகியவையே இதன் கருவி. திருப்புவதற்குக் கைப்பிடி கிடையாது. உடலைச் சாய்த்தால் அச்சிலுள்ள இரப்பர் அழுந்தி, பலகை அந்தப் பக்கம் திரும்பும். அதாவது ஆடுபவரின் உடலே சுக்கான்.

மாமல்லபுரமும் தாய் சுகந்தியும்

பல்லவர் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற மாமல்லபுரம் மீனவர் ஊருங்கூட. அங்குள்ள இளைஞர்கள் அலைச்சறுக்கைக் கற்றுத் தேர்ந்தபோது, அதன் கூடவே சறுக்குப்பலகையும் ஊருக்குள் வந்தது. இந்தியாவில் வாழ்ந்துவந்த அயர்லாந்துப் பெண்மணி எய்ன் எட்வர்ட்ஸ் இதை ஊக்குவித்தவர்களில் ஒருவர். ஏறத்தாழ ஐந்து வயதில் கமலிக்குப் பலகை கிடைத்ததும் அவர் வழியாகத்தான்.

கமலியின் தாய் சுகந்தி. கடற்கரையில் சிறு கடை நடத்தி, தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். பெண் குழந்தை பையன்களோடு சேர்ந்து பலகை ஓட்டுவதையும் கடலில் இறங்குவதையும் அக்கம்பக்கத்தார் குறை கூறினர். விழுந்து கைகால் ஒடிந்தால் நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கேள்வி இத்தகைய பேச்சுகளில் எப்போதும் உண்டு. சுகந்தி மகளைத் தடுக்கவில்லை. தமக்குக் கிடைக்காத விடுதலை மகளுக்குக் கிடைக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். கமலியின் கதையில் தாய்க்கும் சம பங்கு உண்டு என்று சொல்வது இதனால்தான்.

உலகக் கவனம்

அமெரிக்க வீரர் ஜேமி தாமஸ் மாமல்லபுரம் வந்தபோது கமலியைப் படம் எடுத்தார். வெள்ளைக் கவுன் அணிந்து, செருப்புமின்றி, சரிவுத்தளத்தில் பலகையோடு இறங்கும் சிறுமியின் படம் அது. புகழ்பெற்ற வீரர் டோனி ஹாக் அதைச் சமூக ஊடகத்தில் பகிர, பல நாடுகளில் கமலியின் பெயர் தெரிந்தது.

சரிவில் இறங்கும் அந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. பலகையின் பின்முனையைச் சரிவின் விளிம்பில் மிதித்து நிற்கவேண்டும். பிறகு முன்காலை ஊன்றி உடலை முன்னே சாய்க்கவேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை மட்டும் முன்னே ஓடிவிடும், ஆள் விழுவார். தயங்குபவர்தாம் அதிகம் அடிபடுவர். அப்படம் பலரைக் கவர்ந்ததற்கு இத்துணிவும் ஒரு காரணம்.

ஆவணப்படம்

நியூசிலாந்தைச் சேர்ந்த இயக்குநர் சாஷா ரெயின்போ, ஓர் ஆங்கிலப் பாடலுக்கான காட்சிப்படம் எடுக்கப் பெங்களூரு வந்தவர். அதில் இந்தியாவின் முதல் தொழில்முறைப் பெண் சறுக்குப்பலகை வீராங்கனையாகக் கருதப்படும் அதிதா வர்கீஸ் நடித்திருந்தார். பெண்களுக்குப் பயிற்சி அளிக்க 2015இல் ‘கேர்ள் ஸ்கேட் இந்தியா’வைத் தொடங்கியவர் அதிதா. இத்தொடர்பின் வழியே கமலியை அறிந்த இயக்குநர், தாயும் மகளும் பாட்டியும் வாழும் வீட்டை மையமாக்கி 24 நிமிடப் படம் எடுத்தார்.

2020 பிப்ரவரி 2 அன்று இலண்டனில் நடந்த பாஃப்டா விழாவில் ‘கமலி’ சிறந்த பிரித்தானியக் குறும்படப் பிரிவில் போட்டியிட்டது. விருது வேறு படத்துக்குச் சென்றது. வென்ற படமும் சறுக்குப்பலகை ஓட்டும் சிறுமிகளைப் பற்றியதே. காபூல் நகரில் அதைக் கற்ற ஆப்கன் மாணவியரைக் காட்டியது. அடுத்த வாரம் அப்படம் ஆஸ்கரையும் பெற்றது. மறு ஆண்டே ஆப்கனில் ஆட்சி மாறியது. பெண்களுக்கு விளையாட்டும் உயர்நிலைக் கல்வியும் மறுக்கப்பட்டன. சிறுமி பலகை ஓட்டுவது வெறும் பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு இந்நிகழ்வே விடை.

பிற வீராங்கனைகள்

மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015இல் சறுக்குப்பலகைத் திடல் அமைந்தது. அங்கு பயின்ற பழங்குடிப் பெண் ஆஷா கோண்ட் 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் பங்கேற்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. மகளிர் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. 2022இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியிலும் சறுக்குப்பலகை சேர்க்கப்பட்டது.

அலைச்சறுக்கில்

வளர வளரக் கமலியின் கவனம் கடலை நோக்கித் திரும்பியது. தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டிகளில் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் மகளிர் பொதுப் பிரிவிலும் பட்டங்கள் வென்றார். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தபோது இந்திய அணியில் இடம்பெற்றார். அக்கம்பக்கத்தார் குறை கூறிய அதே கடற்கரையில், நாட்டின் சார்பில் அவர் அலையில் இறங்கினார்.