கொடையும் உரிமையும்: றிச்மண்ட் ஹில் சூழலில் கலைக்கூடங்களின் வரலாறு

ஐரோப்பிய நகரங்களில் கலைப்பொருட்களைப் பொதுமக்கள் சென்று பார்வையிடும் வழக்கம் இரு வழிகளில் உருவானது. முதலாவது, அரசரின் உடைமை குடிமக்களின் உடைமையாக மாறிய வழி. பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸ் நகரின் லூவர் அரண்மனை 1793 ஆகஸ்ட் 10ஆம் நாள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட, அரச சேகரத்தைச் சேர்ந்த ஓவியங்கள் எளிய மக்களின் பார்வைக்கும் வந்தன. இரண்டாவது, தனியார் சேகரம் உயில் வழியாகப் பொதுச் சொத்தான வழி. மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், தம் மகள்மாருக்கு 20,000 பவுண் வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு தம் சேகரத்தை நாட்டுக்கு விட்டுச்செல்ல, அதைக் கொண்டு 1753இல் நிறுவப்பட்ட பிரித்தானிய நூதனசாலை 1759இல் லண்டனில் திறக்கப்பட்டது.

அரசர்களின் அரண்மனைகள் இல்லாத ஒன்ராறியோ மாகாணத்தில் இரண்டாவது வழியே வேரூன்றியது. தமிழர் பலர் குடியேறி வாழும் றிச்மண்ட் ஹில் நகரிலிருந்து ஒரு பகலில் சென்று திரும்பக்கூடிய தொலைவில், தெற்கே ரொறன்ரோ நகர மையத்தில் ஒன்றும் மேற்கே கிளைன்பேர்க் கிராமத்தில் ஒன்றுமாக அமைந்துள்ள இரு கலைக்கூடங்களும் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளிலேயே தொடங்கின. ஆதலால் அவற்றின் வரலாறு கொடையின் வரலாறாகவும் அமைகிறது. கொடுப்பவர் யார், கொடுக்க அவருக்கு உரிமை உண்டா, கொடுத்த பின் அப்பொருள் குறித்து முடிவெடுப்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளும் அதனுள் அடங்கியுள்ளன.

றிச்மண்ட் ஹில் ஊர், 1790களில் ஆளுநர் சிம்கோவின் ஆணைப்படி வெட்டப்பட்ட யங் வீதியின் ஓரத்தில் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சார இரயில் பாதை அங்கு எட்டியதும், குதிரை வண்டியில் நெடுநேரம் பிடித்த நகரப் பயணம் சுருங்கி, காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புவது எளிதாயிற்று. அதே காலத்தில், 1900ஆம் ஆண்டு, ரொறன்ரோ கலை நூதனசாலை என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. ஆயினும் அதற்கென ஒரு கட்டடம் இருக்கவில்லை. போல்ட்டன் குடும்பத்தினர் 1817 அளவில் கட்டிய ‘த கிரேஞ்ச்’ என்னும் செங்கல் மாளிகையை, அக்குடும்பத்தின் மருமகளாக வந்து பின்னர் அறிஞர் கோல்ட்வின் ஸ்மித்தை மறுமணம் செய்த ஹரியட் ஸ்மித், இந்த அமைப்புக்கு உயில் எழுதி வைத்தார். அவர் 1909இலும் கணவர் 1910இலும் மறைந்தபின், 1913இல் அவ்வீட்டிலேயே கண்காட்சிகள் தொடங்கின. 1966இல் ஒன்ராறியோ கலைக்கூடம் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், ரொறன்ரோவில் பிறந்த கட்டடக் கலைஞர் பிராங்க் கெரியின் வடிவமைப்பில் 2008இல் புதுப்பொலிவு பெற்றபோதும், அந்தப் பழைய வீடு அதன் ஓர் அங்கமாகவே பேணப்பட்டது.

கட்டடம் கிடைத்தபின் அதில் எதை மாட்டுவது என்ற கேள்வி எழுந்தது. அக்காலக் கனடியச் செல்வர்கள் ஐரோப்பிய ஓவியங்களையே உயர்வாகக் கருதி வாங்கிவந்தனர். 1913 சனவரியில் ஓவியர்கள் லோறன் ஹரிஸும் ஜே. ஈ. எச். மக்டொனால்டும் எல்லை கடந்து பஃபலோ நகருக்குச் சென்று, ஸ்கண்டிநேவிய நாடுகளின் ஓவியக் கண்காட்சியைக் கண்டனர். பனியும் ஊசியிலைக் காடும் நிறைந்த வட நிலத்தை அந்நாட்டு ஓவியர்கள் வரைந்திருந்த விதம், தங்கள் மண்ணையும் அவ்வாறே வரைய முடியும் என்னும் நம்பிக்கையை இருவருக்கும் ஊட்டியது. ஐரோப்பியக் கலையைப் பார்த்து அதன் சாயலைப் பின்பற்றும் நிலை மாறி, அதிலிருந்து துணிவைப் பெற்றுச் சொந்த நிலத்தை நோக்கித் திரும்பும் நிலை இவ்வாறு தொடங்கிற்று. அக்காலத்தில் மக்டொனால்ட், றிச்மண்ட் ஹில்லின் தெற்கே அதனை ஒட்டியுள்ள தோர்ன்ஹில்லில் குடியேறினார். அங்கு தம் வீட்டுத் தோட்டத்தின் சூரியகாந்திகளை அடர்ந்த நிறங்களில் தீட்டி 1916இல் காட்சிக்கு வைத்த ஓவியம் விமர்சகர்களின் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இன்று அதே ஓவியம் ஒட்டாவாவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தின் புகழ்பெற்ற உடைமைகளில் ஒன்று. இவ்விருவரும் ஏ. வை. ஜாக்சன், ஆதர் லிஸ்மர் முதலியோரும் ‘எழுவர் குழு’ என்ற பெயரில் தங்கள் முதல் கண்காட்சியை 1920 மே மாதம், அப்போது ரொறன்ரோ கலைக்கூடம் எனப்பட்ட அதே நிறுவனத்தில் நடத்தினர். லிஸ்மர் 1927 முதல் அக்கூடத்தின் கல்விப் பொறுப்பை ஏற்று, சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்புகளை நடத்தியபோது, கனவான்கள் கூடும் இடமாயிருந்த கலைக்கூடம் குழந்தைகளும் புழங்கும் இடமாக விரிந்தது.

இக்குழுவின் படைப்புகளில் ஈடுபாடு கொண்ட ராபர்ட், சிக்னே மக்மைக்கல் தம்பதியர், 1950களின் தொடக்கத்தில் கிளைன்பேர்க்கில் நிலம் வாங்கி, மரத்தாலும் கல்லாலும் வீடு கட்டி, 1955 முதல் ஓவியங்களைச் சேர்க்கலாயினர். பார்வையாளர்களுக்கு அவர்கள் தங்கள் வீட்டையே திறந்து வைத்தனர். 1965இல் வீட்டையும் நிலத்தையும் 194 படைப்புகளையும் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வழங்க, மறு ஆண்டு அது பொதுக் கலைக்கூடமாயிற்று. ஜாக்சன் தம் முதுமையை அங்கேயே கழித்ததும், குழுவைச் சேர்ந்த ஓவியர் அறுவர் அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருப்பதும், கலையும் நிலமும் அங்கு எவ்வளவு நெருங்கின என்பதைக் காட்டுகின்றன. ஆனால் கூடத்தின் சேகரம் விரிந்து, புதிய தலைமுறையினரின் படைப்புகளும் சேர்க்கப்பட்டபோது, தாம் கொடுத்த நோக்கம் மீறப்பட்டது எனக் கருதிய கொடையாளர் ராபர்ட் நீதிமன்றம் சென்றார். 1996இல் அவருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு மறு ஆண்டு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டின் சட்டம் அவரது நோக்கத்துக்கு மீண்டும் இடமளித்தது. 2011இல் அந்த வரையறையும் தளர்த்தப்பட்டது. ஒருவரின் அன்பால் உருவான சேகரம் ஊரின் சொத்தானபின், அதன் வளர்ச்சியையும் ஊரே தீர்மானிக்கும் என்பதே இந்நீண்ட சர்ச்சையின் முடிவாக அமைந்தது.

உரிமை பற்றிய கேள்வி தமிழருக்கு இன்னும் கூர்மையானது. தஞ்சைப் பகுதியின் பத்தூரில், சிதைந்த சிவன் கோயிலின் நிலத்தில் புதைந்திருந்த சோழர் கால நடராசர் படிமம் 1976இல் தற்செயலாகத் தோண்டி எடுக்கப்பட்டு, பலர் கைமாறி லண்டனை அடைந்தது. 1982இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாண நிறுவனமொன்று அதை நல்லெண்ணத்துடனேயே வாங்கியது. பராமரிப்புக்காகப் பிரித்தானிய நூதனசாலையில் ஒப்படைக்கப்பட்டிருந்தபோது லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. இந்து சமயக் கோயில் தன் பெயரால் வழக்காடும் தகுதியுடைய சட்ட ஆள் என்பதை ஏற்று, 1988இல் கோயில் தரப்புக்குச் சாதகமாக வழங்கப்பட்ட தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்ய, படிமம் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. விலை கொடுத்து வாங்கியவரின் நேர்மைகூடக் களவின் குற்றத்தைக் கழுவாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

கிளைன்பேர்க் கலைக்கூடம் இக்கேள்விக்கு மற்றொரு விடையையும் அளிக்கிறது. கனடாவின் வட பகுதியிலுள்ள கிங்கைட் கிராமத்தின் இனுயிட் ஓவியர்கள் வரைந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் படைப்புகள் அங்கு பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு கலைக்கூடத்துக்கும், உடைமை அக்கிராமத்தின் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உரியவை. எழுவர் குழுவினரின் ஓவியங்களில் ஆளற்ற வெளியாகவே பெரிதும் தோன்றும் வட நிலத்தில் தலைமுறைகளாக வாழும் மக்கள், தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமலே தங்கள் கலையை உலகின் பார்வைக்கு வைக்கும் ஏற்பாடு இது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த படிமங்களை, அளித்தவர் பெயரோடும் உயர அளவோடும் அணிகலன்களின் எடையோடும் பதிவுசெய்துள்ளன. இன்னார் இன்னதை இன்னாருக்குக் கொடுத்தார் என்பதைக் கல்லில் பொறித்துவைத்த மரபைச் சேர்ந்தவர்கள் தமிழர். ஆதலால், றிச்மண்ட் ஹில்லில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளொன்றில் இக்கலைக்கூடங்களைக் காணச் செல்லும்போது, ஓவியங்களின் அழகோடு ஒவ்வொன்றின் அருகிலும் எழுதப்பட்டுள்ள கொடைக் குறிப்பையும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுவது பயனுள்ளது. தாயகத்திலிருந்து கொண்டுவந்த ஓலைச்சுவடிகளையும் ஒளிப்படங்களையும் கைவினைப் பொருட்களையும் ஒரு நாள் பொதுவிடத்தில் ஒப்படைக்கப்போகும் தலைமுறை அதுவே. யாருக்கு, எந்த நிபந்தனையோடு, யாருடைய சம்மதத்தோடு கொடுப்பது என்பதை அத்தலைமுறை அறிந்திருக்க வேண்டும்.