காட்சிக்குத் தடையாக ஓர் ஊர்

கோல்ட்ஸ்மித்தின் 'கைவிடப்பட்ட கிராமம்' 1770ல் வந்தது. வெள்ளையர் காலத்தில் நம் கல்லூரிகளில் அதை மனப்பாடம் செய்தவர்கள் பலர். ஆபர்ன் என்பது அவர் சூட்டிய கற்பனைப் பெயர். அதன் பின்னே அவருடைய அயர்லாந்துப் பால்யம் இருக்கிறது. நூனெம் கோர்ட்னி என்ற நிஜ ஊரும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது ஊர்தான்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதியைப் பார்த்த மேட்டில், முதலாம் ஹார்கோர்ட் பிரபு 1750களின் நடுவில் ஒரு மாளிகை எழுப்பினார். இத்தாலிய முறை; அளவாக, அடக்கமாக. ஆனால் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊர் தெரிந்தது. 1760களின் தொடக்கத்தில் ஊர் இடிக்கப்பட்டது. குடியானவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் சாலையோரம், ஒரே அச்சில் வார்த்ததுபோல, செங்கல் வீடுகள் இரண்டு வரிசையாகக் கட்டித் தரப்பட்டன. பழைய குடிசைகளைவிட அவை உறுதியானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடுமை என்று எளிதில் பெயரிட்டுவிட முடியாத காரியம் இது.

கோவிலும் தப்பவில்லை. பழைய மாதா கோவில் போய், 1764ல் கிரேக்க ஆலயம்போல் குவிமாடத்துடன் ஒன்று எழுந்தது. பூங்காவை நோக்கி ஆறு தூண்கள் கொண்ட முகப்பு. அது வெறும் அலங்காரம். ஊர்ஜனங்கள் வேறு பக்கமாக உள்ளே போனார்கள். கும்பிட வந்தவர்களுக்கு ஒரு வாசல், பார்க்க வந்தவர்களுக்கு ஒரு முகப்பு. அந்த எஸ்டேட்டின் தத்துவம் முழுவதும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது.

பார்பரா வயட் என்ற கிழவி மட்டும் போக மறுத்தாள். சாகும்வரை தன் குடிசையிலேயே இருக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. அரசவைக் கவிஞர் வில்லியம் வொயிட்ஹெட் இதை வைத்துக் கவிதை எழுதினார். கிழவியின் பிடிவாதம் பிரபுவின் கருணைக்குச் சான்றாகிவிட்டது.

1777ல் பிரபு தன் பூங்காவிலேயே, நாயைக் காப்பாற்றப் போய்க் கிணற்றில் விழுந்து இறந்தார். இதை நியாயத் தீர்ப்பாக வாசிப்பது மலிவான ருசி. அவருக்குப் பின் வந்த மகன் ரூசோ பக்தர். பட்டம் வருமுன்பே, 1770களின் தொடக்கத்தில், கவிஞர் வில்லியம் மேசனைக் கொண்டு அங்கே ஒரு மலர்த் தோட்டம் அமைத்திருந்தார். அதில் ரூசோவுக்குச் சிலையும் உண்டு. பிறகு நிலக்காட்சி நிபுணர் 'கேப்பபிலிட்டி' பிரௌன் வந்து மேட்டையும் மரங்களையும் இயற்கைபோல் ஆக்கித் தந்தார். தெருவை அடைக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்ட் நகரம் 1787ல் அகற்றிய பழைய கல் நீர்த்தொட்டியும் பூங்காவுக்குள் வந்து அலங்காரமாயிற்று. மனிதர்கள் புழங்கிய ஊருக்கு அங்கே இடமில்லை. மனிதர்கள் புழங்கிய பொருளுக்கு இடமிருந்தது.

ஆக, ஒரே மண்ணைச் சுற்றி மூன்று கவிஞர்கள். ஒருவர் புகழ்ந்தார், ஒருவர் பூச்செடி நட்டார். மூன்றாமவர் இந்த ஊரைத்தான் நினைத்தாரோ இல்லையோ, ஊர் அழிவதற்குக் காரணம் செல்வத்தின் ஆடம்பரம் என்று சொன்னார். அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் அவரும் நிஜப் பெயர் எதையும் சொல்லவில்லை. அதனால்தான் அந்தத் துக்கம் எந்த வரவேற்பறையிலும் உட்கார முடிந்தது. கடல் கடந்து நம் பாடப்புத்தகத்துக்கும் வந்தது. ஊர்களைக் காலி செய்தவர்களின் மொழியில், காலியான ஊருக்காக நாமும் உருகினோம்.

பெயர் சொல்லாத துக்கம் எல்லோருக்கும் சொந்தமாகிறது. கவிதையின் பலம் அது என்று நாம் சொல்லிவருகிறோம். நூனெமின் இரட்டை வரிசை வீடுகள் இன்றும் சாலையோரத்தில் நிற்கின்றன. அவற்றை நினைக்கும்போது அந்தப் பலத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.