பாசியோடு ஒரு மல்லுக்கட்டு

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 12 காலன், அதாவது ஏறக்குறைய 54 லிட்டர் தண்ணீரில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா செடியையும் விட்டுப் பார்த்தார். தண்ணீர் மாற்றாமலே மீன்கள் பிழைத்தன. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, வெளிச்சத்தில் ஆக்சிஜனைத் திருப்பித் தருகிறது என்று 1850-ல் எழுதினார். ஆனால் இலைகள் அழுகி, தொட்டி முழுக்க வழவழவென்று ஒரு படலம் ஏறியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று தீர்த்தன. சரித்திரம் எழுதுகிறவர்கள் மீனையும் செடியையும் கொண்டாடுவார்கள். கொளத்தூரில் செடித்தொட்டி போட்டுக் கொடுத்தே பிழைக்கும் எனக்கு அந்த நத்தைமேல்தான் கண்.

அன்றைக்கு விளக்கு என்றால் ஜன்னல்தான். இங்கிலாந்தில் கண்ணாடி வரி 1845-ல் நீங்கியதால் கண்ணாடி மலிந்து, வரவேற்பறைத் தொட்டி ஒரு மோகமாகவே ஆனது. ஜன்னலோரம் வைத்தவர்கள் தொட்டியில் தண்ணீர் பச்சைக் கூழானது. குளத்தில் வெயில் மேலிருந்து மட்டும்தானே விழுகிறது, தொட்டியில் மட்டும் எதற்குப் பக்கவாட்டில் வரவேண்டும் என்று வாரிங்டன் யோசித்தார். பின்சுவரைச் சாய்த்து, வெளிச்சம் மேலிருந்து மட்டும் வரும்படி ஒரு தொட்டி வடிவமைத்தார். ஜன்னல் பக்கம்தான் தொட்டி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் பின்கண்ணாடியிலும் பக்கத்திலும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பதும் அதே வித்தைதான். அழகுக்கு ஒட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

குண்டு பல்பு காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே கக்கும். ஊரே வெந்நீராய் இருக்கும் சென்னைக்கு அது எதற்கு?

அமெரிக்காவில் 1938-ல் டியூப் லைட் விற்பனைக்கு வந்தபின்தான் கதை மாறியது. நீளமாக, சூடு குறைவாக, தொட்டி மூடிக்குள் அப்படியே அடங்கியது. 1960-களில் சில்வேனியா கம்பெனி குரோலக்ஸ் என்ற டியூபை இறக்கியது. செடி அதிகம் உறிஞ்சும் சிவப்பும் நீலமும் அதில் தூக்கல். பார்த்தால் ரோஸ் கலர். அதன் கீழே நியான் டெட்ராவின் சிவப்புக் கோடு தணல்போல் ஜொலிக்கும். செடிக்கென்று செய்த விளக்கை மீன் அழகாகத் தெரிகிறது என்பதற்காகவே பலர் வாங்கினார்கள் என்பது என் சந்தேகம். சாதாரண வெள்ளை டியூபிலும் செடி நன்றாகவே வளரும். காலனுக்கு இத்தனை வாட் என்ற கணக்கும் டியூப் காலத்தில் பிறந்ததுதான். தொட்டியின் ஆழத்தைக் கண்டுகொள்ளாத கணக்கு அது. இரண்டடி உயரத் தொட்டியின் அடியில் கிடக்கும் செடிக்கு வாட் சோறு போடாது. பழைய டியூப் மங்குவது நம் கண்ணுக்குத் தெரியாது, செடிக்குத் தெரிந்துவிடும்; சோக்கும் பட்டியும் அப்படியே இருக்க, டியூபை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன்.

ஜப்பானில் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமனோ சைக்கிள் பந்தய வீரர், புகைப்படக்காரர். மூடியில்லாத தொட்டிக்கு மேலே மெட்டல் ஹாலைடு விளக்கைத் தொங்கவிட்டு, கரியமில வாயுவைக் குழாயில் செலுத்தினார். இலை நுனிகளில் ஆக்சிஜன் முத்து முத்தாய்க் கோத்து நிற்கும். அவ்வளவு வெளிச்சத்துக்குப் பாசி வராமல் இருக்குமா? யமாட்டோ இறாலைக் கூட்டமாக இறக்கினார். இன்று உலகம் முழுக்க அதற்குப் பெயரே அமனோ இறால். வாரிங்டனின் நத்தை செய்த அதே உத்தியோகம்!

பிறகு எல்இடி. அதற்கு வழிசெய்த நீல எல்இடிக்காக 2014-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் பெயரும் அமனோ. இவர் ஹிரோஷி, வேறு ஆள். குறைந்த வாட்டில் கூடுதல் வெளிச்சம் வந்ததும் பழைய வாட் கணக்கு செத்தது. இப்போது பெரிய தொட்டிக்காரர்கள் செடிக்குப் பயன்படும் ஒளியை மட்டும் அளக்கும் பார் மீட்டரைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் வாங்கச் சொல்வது டைமர்தான். புதுத் தொட்டிக்கு விளக்கைப் பாதிக்குக் குறைத்து ஆறு மணி நேரம், செடி வேர்விட்டபின் எட்டு. ரிமோட்டை வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவேன். எப்படியும் முழு வெளிச்சம் வைத்துவிடுகிறார்கள்.