பெயரன்

புதுக்கோட்டை அரசவைக் கவி வெங்கண்ணா பதினெட்டாம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய ‘தொண்டைமான் வம்சாவளி’ இந்திரனிலிருந்து தொடங்குகிறது. பூமிக்கு வந்த இந்திரன் ஒரு பெண்ணை மணந்தான். தொண்டைமான்கள் அந்தச் சந்ததி. இன்னொரு வழக்கு, அவர்கள் திருப்பதிப் பக்கமிருந்து வந்த கள்ளர்கள், எங்கள் கறம்பக்குடியை அடுத்த அம்புக்கோவிலில் நிலைத்தவர்கள் என்கிறது. ரகுநாதத் தொண்டைமான் அரசரானதில் இந்திரனுக்குப் பங்கில்லை. படைச் சேவையும், தங்கை காத்தலியை ராமநாதபுரம் கிழவன் சேதுபதி மணந்திருந்ததும்தான் காரியத்தை நடத்தின. ஆனால் ஆட்சி கைக்கு வந்தபின் இந்திரன் தேவைப்படுகிறான்.

நிக்கலஸ் டர்க்ஸ் 1987ல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய நூலில், இந்த மாதிரி வம்சாவளிகளைப் பொய்யென்று ஒதுக்காமல், அரசுரிமையை அந்தக் காலம் எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்குச் சாட்சியமாக வாசித்தார். வாஸ்தவம். வெங்கண்ணா கிடைக்காத குடும்பங்கள் என்ன செய்வது? ஒரு விசித்திரம்: 1860ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டாலுக்குக் கூலியாகப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. ஊரைவிட்டு நகராதவனுக்கு அதுகூட இல்லை.

எங்களுக்கும் ‘வடக்கேயிருந்து வந்தோம்’ கதை உண்டு. பூட்டனார் கணக்கு எழுதியவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அப்பா சொல்வார். டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கிரயப் பத்திரம். அதில் பூட்டனார் பெயருக்கு நேராக இடது கைப் பெருவிரல் ரேகை.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது எங்கள் வழக்கம்; பேரன் என்ற சொல்லே பெயரன்தான். வங்கிக் கவுண்டரில் இறந்த கணவர் பெயரைச் சொல்ல மறுத்து, பக்கத்தில் நின்ற பொடியனைக் காட்டி “இவன் பேருதாங்க” என்ற கிழவியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. (இரண்டும் ஆண்களுடையவை. பூட்டியின் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்காக அப்பா வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.) ஆக ‘இன்னார் மகன் இன்னார்’ என்பது பூட்டனாராகவும் இருக்கலாம், அவருடைய பாட்டனாராகவும் இருக்கலாம். வருஷம் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது.

“இது அந்தப் பழைய கிழவர்டா. அவர் படிக்காதவர்தான்” என்றார் அப்பா. அவர் முகம் தெளிந்துவிட்டது.

பத்திரப் பதிவுக்கு விரல் ரேகை வாங்குவதை ஹெர்ஷல் என்ற கலெக்டர் வங்காளத்து ஹூக்ளியில் ஆரம்பித்ததே 1877ல்தான். அது நம் பக்கம் வந்து சேர இன்னும் வருஷங்கள் ஆயின. பூட்டனாரின் பாட்டனார் அதற்கு வெகு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.